இடது கெண்டைக்கால்

நோர்வேயில் உயிர்த்த ஞாயிறை ஒட்டிப் பத்து நாள் விடுமுறை வரும். அந்தப் பத்து நாளுக்கு எங்கள் இருவரையும் அழைத்து, தன் அண்ணனோடு சேர்ந்து குளிர்கடலில் இறங்க வேண்டும் என்று டிலோஜன் கார்த்திகை மாதமே முடிவெடுத்துவிட்டான். டிலோஜன் என் கணவர் ஜெனிஸ்ரனின் தம்பி. பதினான்கு வருடங்களாக அங்கே ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். சிலிண்டர் கட்டிக் கடலுக்குள் இறங்கப் பழகியது மூன்று வருடத்துக்கு முன்புதான். பொழுதுபோக்குக்கு என்று சொன்னான். அந்தச் சொல்லைப் போனில் கேட்டதும் ஜெனிஸ்ரன் என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் ஊரான ஓலைத்தொடுவாயிலிருந்து பதினாறு வருடமாகச் சங்குக்கும் கடலட்டைக்கும் சிலிண்டரோடு இறங்குகிற மனிதர் அவர்.

"அங்கை கீழை என்ன எடுக்கிறனீங்கள்?" என்று தம்பியைக் கேட்டார்.

"ஒண்டும் எடுக்கிறேல்லை அண்ணை. பார்க்கிறதுதான்."

"பார்த்துப்போட்டு?"

"பார்த்துப்போட்டு மேலை வந்து கோப்பி குடிக்கிறது."

ஜெனிஸ்ரன் வெகுநேரம் சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து அவருக்குள் ஏதோ அசைந்தது. சாப்பிடும்போது திடீரென்று, "ஆறு டிகிரித் தண்ணியாம்" என்பார். நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் மறுபடி சோற்றுக் கோப்பைக்குள் குனிந்துவிடுவார். இன்னொரு நாள், "அந்த உடுப்புப் போட்டால் உடம்பிலை ஒரு சொட்டுத் தண்ணி படாதாம். அப்ப அது கடல் குளிக்கிறதோ, கண்ணாடிப் பெட்டிக்கை நிண்டு பார்க்கிறதோ?" என்றார். அவரோடு ஒன்பது வருடம் வாழ்ந்ததில், வேலைக்கல்லாமல் கடலைப் பற்றி அவர் பேசிக் கேட்டது அப்போதுதான்.

எங்கள் வீட்டில் பேச்சு குறைவு. நான் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு புத்தகத்தை விரித்து வைத்திருப்பேன். அவர் வாசலில் கதிரையைப் போட்டுக் கடல் பக்கம் பார்த்தபடி இருப்பார். ஒரு பின்னேரம் முழுக்க நாலு வார்த்தைகூடப் பேசாமல் கழியும். அதை நாங்கள் ஒரு பொருத்தம் என்றுதான் நினைத்திருந்தோம்.

பயணத்துக்கான எழுத்துவேலை எல்லாம் என்னுடையது. நான் மண்டபம் அகதி முகாமில் வளர்ந்து, அங்கே பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு ஊர் திரும்பியவள். இங்கிலீஷ் வாசித்தால் விளங்கும், எழுதத்தான் கொஞ்சம் தடுமாற்றம். அனுபவம் பற்றி நாலு வரி எழுதித் தரும்படி டிலோஜனின் சுழியோடிகள் சங்கம் கேட்டபோது, ஜெனிஸ்ரன் சொன்னதை அப்படியே போனுக்குள் தமிழில் அடித்து, அது இங்கிலீஷில் மாற்றித் தந்ததை அனுப்பிவிட்டேன். "பதினாறு வருசமாய்ச் சிலிண்டரோடை குளிக்கிறன்" என்று அவர் சொல்லியிருந்தார். மறுநாள் டிலோஜன் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினான்.

"அண்ணி, அண்ணை பதினாறு வருசமாய்க் குளியலறைக்குள்ள சிலிண்டர் கொண்டு போறார் எண்டு இஞ்சை எல்லாரும் நினைக்கினம்."

"சிரியாதேங்கோ தம்பி," என்றேன். "எங்கடை பாசையிலை குளிக்கிறது எண்டால் ரெண்டும்தானே."

உப்புக்குளத்திலிருந்து சட்டை தைக்கக் கொடுக்க வரும் அஸீபாவுக்கும் இந்தக் கதையைச் சொன்னேன். அவள் துணியை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "நான் ஒண்டு கேக்கட்டா யசிந்தா? கடலுக்கை வேலை செய்யிற மனுசன் லீவு எடுத்துக்கொண்டு போயும் கடலுக்கைதான் இறங்கோணுமா? ஒரு மலையைக் காட்டக் கூடாதா?" என்றாள். எனக்கும் மலை பார்க்க ஆசைதான். கடலுக்குள் நேரே இறங்கி நிற்கிற பனிமலைகளை டிலோஜன் படம் பிடித்து அனுப்பியிருந்தான். அவர்கள் இருவரும் கீழே போயிருக்கும்போது நான் படகில் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்து அந்த மலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பதாக எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

தை மாதக் கடைசியில் படிவங்கள் வந்தன. விசாவுக்கு ஒன்று, உடுப்பு அளவுக்கு ஒன்று, உடல்நலத்துக்கு ஒன்று. உடுப்பைச் சங்கத்தில் ஒருவரிடம் இரவல் வாங்கலாம் என்றும், கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கம் சரியில்லாவிட்டால் பனித்தண்ணீர் உள்ளே வந்துவிடும் என்றும், அதனால் அளவு பிசகக் கூடாது என்றும் டிலோஜன் எழுதியிருந்தான்.

அளவெடுப்பதில் எனக்கு அவன் சொல்லித் தரத் தேவையில்லை. சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ஜெனிஸ்ரனை ஜன்னலோரம் நிறுத்தினேன். சாரத்தைத் தொடைவரை மடித்துக் கட்டச் சொன்னேன்.

"என்ன, பள்ளிப் பிள்ளையள் மாதிரி முதல் நன்மைக்குச் சட்டை தைக்கப் போறியோ?" என்றார்.

"ஆடாம நில்லுங்க."

"'நில்லுங்க'வாம். இந்தியாக்காரி."

கழுத்து, மார்பு, இடுப்பு, மணிக்கட்டு, தொடை. ஒவ்வொன்றாக அளந்து எழுதினேன். கெண்டைக்காலுக்கு வலது, இடது என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. வலது பதினாலரை அங்குலம். இடது பதின்மூன்று.

நாடாவை எடுத்துவிட்டு மறுபடி சுற்றினேன். பதின்மூன்று. முழந்தாளுக்குக் கீழே எத்தனை விரல்கடை என்று இரண்டு காலிலும் பேனையால் குறி வைத்து மூன்றாம் தடவை அளந்தேன். அதே பதின்மூன்று.

"உன்ரை டேப் பிழை," என்றார், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

இந்த ஊரில் பாதிப் பிள்ளைகளின் பள்ளிச் சீருடை அந்த டேப்பால்தான் அளக்கப்பட்டது. தரையில் முழந்தாளிட்டபடியே அந்தக் காலைப் பார்த்தேன். பார்த்தபோது, அதற்கு முன்பும் நான் அதைப் பார்த்திருக்கிறேன் என்பது ஞாபகம் வந்தது. இடது காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் அவர் நாலடி நடந்துபோவார். சென்ற வருடம், ஆறாத சிரட்டைத் தணலில் கால் வைத்துவிட்டு, தோல் தீய்ந்த மணம் வந்த பிறகுதான் குனிந்து பார்த்தார். அப்போதெல்லாம் நான் கேட்கவில்லை. அவர் பேச விரும்பாத நேரம் என்று எண்ணிப் புத்தகத்துக்குத் திரும்பியிருக்கிறேன்.

அளவுத் தாளில் இரண்டு எண்களையும் எழுதினேன். அவர் சாரத்தை இறக்கிவிட்டு வெளியே போனார்.

மறுநாள் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் உடல்நலப் படிவத்தை எடுத்தேன். நான் கேள்வியை வாசித்துத் தமிழில் சொல்வது, அவர் பதில் சொல்வது, நான் குறி போடுவது என்று ஏற்பாடு. ஆஸ்துமா? இல்லை. வலிப்பு? இல்லை. காதில் ஒப்பரேசன்? இல்லை. மாரடைப்பு?

"அது இந்தப் படிவத்தை முடிக்க வரும்."

"கர்ப்பமாய் இருக்கிறீங்களா?"

"பார்த்துச் சொல்லு."

இருவரும் சிரித்தோம். முந்திய நாளின் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. பதினோராவது கேள்வியில் எனக்குத் தெரியாத ஒரு நோயின் பெயர் இருந்தது. போனில் போட்டுப் பார்த்தேன். "அழுத்தக் குறைப்பு நோய் எப்போதாவது வந்திருக்கா எண்டு கேட்டிருக்கு."

"அப்பிடி ஒரு வருத்தம் நான் கேள்விப்படேல்லை. இல்லை எண்டு போடு."

உண்மையாகவே அவர் கேள்விப்பட்டிருக்கவில்லை. அது அவருடைய முகத்தில் தெரிந்தது. பேனையைக் கட்டத்துக்குக் கொண்டுபோனேன். ஆனால் எதையும் அடிக்குறிப்புவரை வாசித்தால்தான் எனக்கு மனம் ஆறும். அந்தப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு விளக்கம் இருந்தது. அதை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். ஆழத்தில் சுவாசிக்கிற காற்று இரத்தத்தில் கரைகிறது. ஆள் கெதியாக மேலே வந்தால், அல்லது ஒரே நாளில் திரும்பத் திரும்ப இறங்கினால், அந்தக் காற்று குமிழ்களாகி மூட்டுகளிலும் நரம்புகளிலும் போய் அடைக்கும். மூட்டு நோ, விறைப்பு, நடக்க முடியாமை, சிறுநீர் போகாமை. சிகிச்சை பெறாவிட்டால் நிரந்தரமாக…

அந்த வரியை நான் முடிக்கவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது வாய்வுதானே," என்றார்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒருநாள் அவரைப் பிரசாந்தன் தோளில் தாங்கிக்கொண்டு வந்து வீட்டில் விட்டான். பிரசாந்தன் அவருடைய படகுக் கூட்டாளி. அவர் கீழே போயிருக்கும்போது மேலே கயிறு பிடிக்கிறவன். என்ன நடந்தது என்று கேட்டேன். "வாய்வு பிடிச்சிட்டுது" என்றார் ஜெனிஸ்ரன். எனக்கு வாய்வு என்றால் வயிற்றில் பிடிப்பது, முதுகில் ஏறுவது. இந்தியாவில் பூண்டு என்கிற உள்ளியை நசுக்கி இஞ்சியோடு அவித்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து பருப்பை நிறுத்தினேன், உருளைக்கிழங்கை நிறுத்தினேன். கிழமைக்கு மூன்று நாள் உள்ளித் தண்ணீர். மூன்று வருடமாக அவர் முகம் சுளிக்காமல் குடித்துவந்தார்.

சிலிண்டர்காரர்கள் தங்களுக்குள் எதை வாய்வு என்று சொல்வார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. முகாமில் வளர்ந்தவளுக்கு யார் சொல்லித் தருவார்கள்?

"அண்டைக்கு எத்தினை பாகம் போனீங்கள்?" என்று கேட்டேன். இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம்.

"பதினைஞ்சு. நாலு தரம். நாலாந்தரம் மேலை வந்து படகிலை ஏறேக்கை கால் இல்லை."

"இல்லையெண்டால்?"

"இருக்கு. ஆனால் என்ரை இல்லை." இடது முழந்தாளைத் தடவிக்கொண்டார். "பிரசாந்தன் வேற சிலிண்டரைக் கட்டித் திரும்பக் கீழை இறக்கினவன். அப்பிடித்தான் செய்யிறது. இறக்கினால் வாய்வு விடும். ஆறு பாகத்திலை கயித்தைப் பிடிச்சுக்கொண்டு ரெண்டு மணித்தியாலம் தொங்கினனான். கால் வந்துது. முழுக்க வரேல்லை."

"வேற எப்பவும் வந்ததா?"

"பெரிசாய் வந்தது அண்டைக்குத்தான். சின்னனாய் வந்ததை எண்ணேல்லை."

"என்னட்டை நீங்கள் சொல்லேல்லை."

"சொன்னனானே. வாய்வு எண்டு சொன்னனான்."

"நான் உள்ளி அவிச்சுத் தந்தனான்."

"தந்தாய். குடிச்சனான்."

"ஏன் குடிச்சனீங்கள்?"

"நீ கவலைப்பட்டுத் தந்தாய்," என்றார். "வேண்டாம் எண்டால் என்னெண்டு கேப்பாய்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. பொய் சொல்லியிருந்தால் கோபிக்க ஒரு பிடி கிடைத்திருக்கும். அவர் உண்மையைச் சொன்னார். அதை நான் வேறொன்றாகக் கேட்டேன். நான் பிழையாகக் கேட்டதை அவர் திருத்தாமல் விட்டார். மூன்று வருடம் இரண்டு பேரும் அந்த மௌனத்தைப் பொருத்தம் என்று நினைத்துக்கொண்டு அதன் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறோம்.

"இல்லை எண்டு போடு," என்றார் மறுபடி. இப்போது அவர் குரல் வேறாக இருந்தது. "ஓம் எண்டால் டொக்டரிட்டைப் போகச் சொல்லுவாங்கள். டொக்டர் இறங்காதை எண்டுவார். அது நோர்வேக்கு மட்டுமில்லை, விளங்குதா? இஞ்சையும்தான்."

பேனையை மூடி வைத்தேன். அந்தக் கட்டம் வெறுமையாகவே கிடந்தது.

பின்னேரம் ஆறு மணிக்கு டிலோஜன் வீடியோவில் வந்தான். அங்கே அது மத்தியானம். அவனுக்குப் பின்னால் ஜன்னல் முழுக்க வெள்ளையாக இருந்தது. அண்ணனுக்கென்று தடித்த கையுறை ஒன்று வாங்கியிருந்தான். அதைக் கையில் மாட்டி நண்டு மாதிரி விரலை ஆட்டிக் காட்டினான்.

"அண்ணி, படிவம் முடிஞ்சுதே?"

"பதினோராம் கேள்வி மட்டும் மிச்சம் இருக்கு."

"எல்லாத்துக்கும் 'நோ' எண்டு போடுங்கோ அண்ணி. ஓம் எண்டு ஒண்டு போட்டாலும் டொக்டரிட்டைக் கடிதம் கேப்பாங்கள், பிறகு உயிர்த்த ஞாயிறு முடிஞ்சிடும். அண்ணைக்கு என்ன, இரும்பு மாதிரித்தானே. என்ன அண்ணை, ஏதும் வருத்தம் இருக்கே?"

ஜெனிஸ்ரன் என்னை ஒருமுறை பார்த்தார். "கொஞ்சம் வாய்வு இருக்கு. வேற ஒண்டுமில்லை," என்றார்.

டிலோஜன் வெடித்துச் சிரித்தான். அவன் சிலிண்டர் கட்டப் பழகியது நோர்வேயில். எங்களுடைய படகுகளின் பேச்சு அவனுக்கும் தெரியாது. "அது நல்லது அண்ணை! அந்த உடுப்புக்குள்ள காத்து வெளியிலை போகாது. விடுறதெல்லாம் உங்களுக்குத்தான், எனக்கு மணக்காது."

ஜெனிஸ்ரனும் சிரித்தார். என் வாயிலும் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று பேரும் சிரித்தோம். என் கண் முன்னாலேயே அவர் மறுபடி அதைச் செய்துவிட்டார். யாருக்கும் கேட்காத விதமாக உண்மையைச் சொல்லிவிட்டார். இந்தத் தடவை கேட்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"தம்பி," என்றேன். "இவரின்ரை இடது கெண்டைக்கால் வலதைவிட ஒண்டரை அங்குலம் மெலிஞ்சு போச்சு. நான் மூண்டு தரம் அளந்தனான்."

"அதுக்கென்ன அண்ணி…" என்று தொடங்கியவன் நின்றான்.

"அவர் சொல்லுற வாய்வு வயித்திலை வாறதில்லை. பதினோராம் கேள்வியிலை இருக்கிறது."

ஜெனிஸ்ரன் என் பக்கம் திரும்பவில்லை. டிலோஜன் மெதுவாகக் கையுறையைக் கழற்றினான். அந்த மாதிரி முகத்தை அவனிடம் நான் கண்டதில்லை.

"அண்ணை, எழும்புங்கோ."

"ஏனடா?"

"ஒருக்கா எழும்புங்கோ. கண்ணை மூடிக்கொண்டு இடது காலிலை நில்லுங்கோ. அண்ணி, போனை நல்லாய்ப் பிடியுங்கோ."

அவர் எழும்பினார். விளையாட்டுக்கு நிற்பவர் போலக் கைகளை விரித்தார். கண்ணை மூடி வலது காலைத் தூக்கினார். இரண்டு செக்கன்கூட இல்லை. மரம் சரிவதுபோலப் பக்கவாட்டில் சரிந்து தையல் மெஷினைப் பிடித்தார். நூல் கட்டைகள் தரையில் உருண்டன.

"திரும்ப," என்றான் டிலோஜன்.

"காணும்," என்றார் ஜெனிஸ்ரன்.

போனுக்குள் அவன் மூச்சுவிடுகிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு மௌனங்கள் பிடிக்கும். ஆனால் அந்த மௌனத்தில் நான் இருக்க முடியாமல் இருந்தேன்.

"நீங்கள் இனி இறங்கக் கூடாது அண்ணை," என்றான் கடைசியில். "குளிர்த்தண்ணி இன்னும் மோசம். ஆனால் நான் அதைச் சொல்லேல்லை. இஞ்சையும் வேண்டாம், அங்கையும் வேண்டாம். திருகோணமலையிலை நேவியிட்டை அதுக்கெண்டு அழுத்தம் குடுத்துச் சுகமாக்கிற அறை ஒண்டு இருக்காம், விசாரியுங்கோ. நரம்பு டொக்டர் ஒராளிட்டைக் காட்டுங்கோ. இன்னொருக்கா வந்தால் இடுப்புக்குக் கீழை ஒண்டும் வேலை செய்யாது."

"நீ பார்க்கப் போறனி," என்றார் ஜெனிஸ்ரன். "நான் எடுக்கப் போறனான். நீ ஒரு நாள் பார்க்காமல் விடலாம்."

டிலோஜன், "பிறகு எடுக்கிறன் அண்ணை," என்று சொல்லிப் போனை வைத்தான்.

நான் நூல் கட்டைகளைப் பொறுக்கினேன். ஒன்று அலுமாரிக்கு அடியில் போயிருந்தது. அதை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவர் மேசைக்கு முன்னால் இருந்தார். படிவம் அவர் கையில் இருந்தது.

"ஓம் எது?" என்று கேட்டார்.

விரலால் காட்டினேன். பேனையின் மூடியைக் கழற்றி, வாக்குச்சீட்டில் போடுவதுபோல் அந்தக் கட்டத்துக்குள் ஒரு புள்ளடி போட்டார். சின்னதாக, கோட்டுக்கு வெளியே போகாமல்.

"அனுப்பு."

"அனுப்பினால் அங்கை இறங்க விட மாட்டினம்."

"தெரியும்." பிறகு, "மலையைப் பார்க்கத்தான் நீ ஆசைப்பட்டனி, இல்லையே?" என்றார்.

நான் அதை அவரிடம் ஒருபோதும் சொன்னதில்லை.

இங்கே இறங்குவாரா என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருந்தது. வாய்வரை வந்த கேள்வியை, இரவு முழுக்க, அவருக்குப் பக்கத்தில் படுத்தபடி வைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை விடிய எழும்பிப் பருப்புக் கறி வைத்தேன். மூன்று வருடத்துக்குப் பிறகு முதல் தடவை. தாளித்த மணம் வீடு முழுக்கப் போயிற்று. முகம் கழுவிக்கொண்டு வந்தவர் அடுப்படி வாசலில் நின்று சட்டியைப் பார்த்தார். உள்ளித் தண்ணீர் வைக்கிற கோப்பையைத் தேடினார். அது கவிழ்ந்திருந்தது. உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டாம் தடவையும் பருப்பு விட்டுக்கொண்டார்.

"இண்டைக்கு இறங்கப் போறீங்களோ?" என்று கேட்டேன்.

கேட்டுவிட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவர் விரலில் ஒட்டியிருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒழுங்கையில் பிரசாந்தனின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஹோர்ன் இரண்டு தரம் அடித்தது. அவர் கையைக் கழுவிவிட்டு, ஆணியில் தொங்கிய சுழியோடிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

வேலிக்கு அந்தப் பக்கம் பேச்சுக் கேட்டது.

"பிடி, இது உனக்கு," என்றார் ஜெனிஸ்ரன்.

"எனக்கேன் உன்ரை கண்ணாடி?"

"இண்டைக்கு நீ இறங்கு. நான் மேலை நிண்டு கயிறு பிடிக்கிறன். ரெண்டு தரத்துக்கு மேலை விடமாட்டன், இப்பவே சொல்லிப்போட்டன்."

"என்னடா, குளிர் நாட்டுக்குப் போறவனுக்கு இப்பவே குளிருதோ?"

"வாய்வடா," என்றார் ஜெனிஸ்ரன்.

பிரசாந்தன் சிரிக்கவில்லை. அவனுக்கு அந்தச் சொல் தெரியும். பிறகு மோட்டார் சைக்கிள் கடற்கரைப் பக்கம் போகிற சத்தம் கேட்டது.

இண்டைக்கு என்றுதான் சொன்னார். நாளைக்கு என்று சொல்லவில்லை. நாளை விடியவும் நான் கேட்க வேண்டும்.